மஞ்சள் துணிக்கு அடியில்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். உக்கிரபாண்டி என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும். அந்தக் கோபத்தில்தான் முதலாளியின் பிக்கப் வண்டியைக் கெடுத்தேன். அதைச் சரிசெய்ததும் ஏறக்குறைய அதே கோபத்தில்தான்.

அது பட்டாளத்து வண்டி. யுத்தம் முடிந்து மதுரையில் ஏலம் விட்டபோது முதலாளி பிச்சைமணி ஒரே மாதிரி இரண்டு எடுத்தார். ஒன்று ஓடியது. இன்னொன்று ஓடவே இல்லை. அதன் இன்ஜினைக் கழற்றி ராசிங்காபுரத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்க வைத்துவிட்டு, மிச்சத்தைத் தோப்பில் தள்ளிவிட்டார். அமெரிக்காக்காரன் அவன் ஊர் ரோட்டுக்குச் செய்த வண்டி என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். அதில் உட்கார்ந்து போடி கடைவீதியில் போனால் பஸ் டிரைவர்கள் விடமாட்டார்கள். கண்டக்டர் சீட்டிலிருந்து வண்டி ஓட்டுகிறான் பார் என்று சிரிப்பார்கள். ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஏழாவது மாதம் ஸ்டியரிங்கை வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டேன்.

மாற்றியது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பழைய ஸ்டியரிங் தண்டின் தலையில் ஒரு பல்சக்கரம், வலது பக்கம் நான் நட்ட தண்டில் இன்னொரு பல்சக்கரம், இரண்டையும் சேர்க்கப் பஞ்சு மில்லில் கழித்துப் போட்ட சங்கிலி. சைக்கிள் மாதிரிதான். பெடல்களையும் குறுக்குக் கம்பி போட்டு இந்தப் பக்கம் இழுத்தேன். பட்டறை வைத்திருக்கும் ஒச்சப்பன், எனக்கு மச்சான் முறை, பல்சக்கரத்தைத் தண்டில் பற்றவைக்காதே, அந்த இரும்பு ஒட்டுத் தாங்காது என்று தலைபாடாக அடித்துக்கொண்டான். வாயை மூடு என்று சொல்லி அவன் கையிலிருந்த பற்றவைக்கும் குழாயைப் பிடுங்கி நானே பற்றவைத்தேன். வண்டி நன்றாகவே திரும்பியது. சிரித்தவர்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று வருஷம் அந்தப் பெருமையிலேயே ஓட்டினேன்.

திங்கள்கிழமை காலையில் பதினெட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் விடுவேன். சனிக்கிழமை இறக்கிக்கொண்டு வருவேன். நடு நாட்களில் மூட்டை லோடு. அந்தப் பதினெட்டுப் பேரில் என் மனைவி செல்லக்கிளியும் ஒருத்தி. மற்ற பதினேழு பேரும் அவள் சொல்லைத்தான் கேட்பார்கள். முதல் ஆயுத பூசையன்று அவள் வண்டிக்குச் சந்தனம் வைத்துவிட்டு, நீ செய்தது எது என்று கேட்டாள். பற்றவைத்த இடத்தைக் காட்டினேன். அங்கேயே மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டினாள். அடுத்த இரண்டு வருஷமும் பழைய துணியின் மேலேயே புதுத்துணி கட்டினாள். சாமிக்குக் கட்டியதை அவிழ்க்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசி மழையில், ஒரு புதன்கிழமை மூட்டையோடு இறங்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி சற்று யோசித்துவிட்டுத் திரும்பியது. சங்கிலி தொய்ந்திருக்கும் என்று இறுக்கினேன். மறுநாளும் இறுக்கினேன். இனி இறுக்க இடமில்லாமல் சங்கிலி விறைத்து நின்ற பிறகும் அந்த ஆட்டம் போகவில்லை. கோளாறு எங்கே என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. துணியை அவிழ்த்துப் பார்க்கத்தான் மனசு வரவில்லை. அவிழ்த்தால் ஒச்சப்பன் சொன்னது சரி என்று ஆகிவிடும். அவிழ்க்காமலே ஓட்டினேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை. பெண்களோடு இறங்குகிறேன். மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே ஒரு வளைவில் ஸ்டியரிங் கால் வட்டம் சும்மா சுற்றியது. சக்கரம் அசையவில்லை. முன்னால் ரோட்டோரத்துக் கல், அதற்கப்பால் வெறும் மேகம். பிறகு எதுவோ பிடித்துக்கொண்டது, வண்டி திரும்பியது. பின்னால் யாரோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். செல்லக்கிளி எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முந்தலில் வண்டியை நிறுத்தி, டீ குடிக்கப் போவதுபோல இறங்கினேன். டம்ளரை வாங்கி, குடிக்காமலே திருப்பி வைத்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அதற்குக் கீழே சமதளம்தான், மெதுவாக உருட்டிக்கொண்டே ஊர் சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டி நிற்கும் ஷெட்டுக்குப் போய் மூன்று துணியையும் அறுத்தெடுத்தேன். ஒட்டு முக்கால் வட்டம் விட்டிருந்தது. விரிசலுக்குள் துரு ஏறியிருந்தது, எப்போதோ விட்டிருக்கிறது. மிச்சம் ஒரு விரல் அகலம்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

முதலாளியிடம் போய், தோப்பில் கிடக்கும் வண்டியின் ஸ்டியரிங்கைக் கழற்றி இதில் மாட்ட வேண்டும், மறுபடியும் இடது பக்கம்தான், எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது என்றேன். அவருக்கு ஏலக்காய்க் கவலை. காய் முற்றி நிற்கிறது, இந்த வாரம் எடுக்காவிட்டால் செடியிலேயே வெடித்துப்போகும் என்றார்.

"இத்தனை நாள் ஓடுச்சுல்ல. தை வரைக்கும் ஓட்டுப்பா."

"ஓடும் மொதலாளி. எங்க போய் நிக்கும்னுதான் தெரியல."

நீ ஓட்டாவிட்டால் ஓட்ட ஆளா இல்லை என்று அவர் கேட்டுவிட்டார். அவர் சொன்னது உண்மை. வேறு எவனாவது வந்து உட்காருவான், அவனுக்கு அந்தக் கால் வட்டம் தெரியாது. ஷெட்டுக்குத் திரும்பினேன். ரம்பத்தால் சங்கிலியை இரண்டாக அறுத்து, பக்கத்திலிருந்த கிணற்றில் போட்டேன். அது விழுந்த சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு முதலாளியிடம் ஆள் அனுப்பினேன், சங்கிலி கிணற்றில் இருக்கிறது, தோப்பு வண்டியைத் தொடலாமா என்று. வைய வேண்டியதையெல்லாம் வைதுவிட்டு, தொட்டுத் தொலை என்று சொல்லி அனுப்பினார்.

ஒச்சப்பன் வீட்டு வாசலில் நின்று, நீ சொன்னது சரி என்று சொல்ல எனக்கு மனசே இல்லை. சொன்னேன். அவன் இளிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்பானர் சாவிகள் கிடந்த பையை எடுத்தான்.

"இன்னைக்கு ஒட்டு வேலையே கெடையாது மாப்ளே. கழட்டணும், மாட்டணும், அம்புட்டுத்தான். வெரசா வா."

தோப்பு வண்டியைப் பீர்க்கங்கொடி மூடியிருந்தது. அறுத்துத் தள்ளினோம். திருகு மறைகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சாவிக்குக் குழாய் சொருகித் தொங்கினோம். ஒச்சப்பனின் முழங்கையில் தோல் உரிந்தது. தண்டு, அதன் அடியிலிருக்கும் பெட்டி, கீழே சக்கரத்துக்குப் போகும் கம்பி, எல்லாவற்றையும் அப்படியே எடுத்தோம். கழுவிப் பார்த்தால் உள்ளே கிரீஸ் காயாமல் இருந்தது. என் வண்டியில் நான் கம்பி சுற்றிச் சமாளித்திருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒச்சப்பன் ஒழுங்கான இரும்புப் பின் போட்டு மடக்கினான். பெடல்களை அதனதன் இடத்துக்குத் தள்ளினோம். வெயில் சாயும்போது மண்மூட்டை ஏற்றி முந்தல் வரை போய் வந்தேன். நான் திருப்பிய அளவுக்கே வண்டி திரும்பியது. எனக்கு அழுகை வந்தது.

செல்லக்கிளியிடம் ராத்திரி சொல்லவில்லை. பதினெட்டுப் பேருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது அது. திங்கள்கிழமை காலையில் பெண்கள் வந்து, ஸ்டியரிங் இடம் மாறியதைப் பார்த்துச் சிரித்தார்கள். செல்லக்கிளி எப்போதும்போல வண்டிக்குப் பொட்டு வைக்கக் குங்குமத்தோடு வந்தாள். விரிசல் விட்ட அந்தத் தண்டையும் மூன்று மஞ்சள் துணியையும் அவள் முன்னால் வைத்தேன். என்ன நடந்தது, யார் செய்தது, எப்படித் தப்பித்தோம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சிரிப்பு நின்றது.

அவள் விரிசலுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தாள். நகத்தில் துரு ஒட்டியது.

"எத்தனை நாளாத் தெரியும் ஒனக்கு?"

சனிக்கிழமைதான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"பதினோரு நாளா."

அவள் மனசுக்குள் எண்ணினாள். "அதுல மூணு நடை நாங்க இருந்தோம்."

ஆமாம் என்றேன். ஒருத்தி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். மற்றவர்கள் செல்லக்கிளியைப் பார்த்தார்கள். அவள் வண்டிக்கு அடியில் குனிந்து, ஒவ்வொரு மறையையும் தொட்டுக் காட்டச் சொன்னாள். தொட்டுக் காட்டினேன். அவளும் தொட்டாள். எழுந்து, பொட்டு வைக்காமல் குங்குமச் சிமிழை மூடி மடியில் செருகினாள்.

"இனி வாராவாரம் மொதல்ல இதக் காட்டு. பெறகு பொட்டு வைக்கிறேன். ஏறுங்கடி."

எல்லோரும் ஏறினார்கள். தூக்குச்சட்டிக்காரியும் ஏறினாள். செல்லக்கிளி சுற்றி வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தாள். இடது பக்கத்திலிருந்து எனக்கு எதிரே வருவது சரியாகத் தெரியாது. அதை அவளே கண்டுபிடித்திருந்தாள்.

முந்தல் தாண்டி மலை ஏறினோம். அவள் தலையை வெளியே நீட்டி, "வருது, நில்லு" என்றாள். நின்றேன். ஒரு ஜீப்பு இறங்கிப் போனது. "வரல, ஒடி" என்றாள். ஒடித்தேன். சனிக்கிழமை கைவிட்ட அந்த வளைவிலும் அவள் குரல் அதேபோலத்தான் இருந்தது. போடிமெட்டுக்குப் போய்ச் சேரும்வரை வளைவைத் தவிர வேறு எதையும் அவள் என்னிடம் பேசவில்லை.