இரண்டு நாட்டு மரக்கூழ்

அந்த நாட்டுக்காரர்கள் காகிதம் செய்கிற மரக்கூழை வாங்கிக் குடிக்கிறார்களோ குளிக்கிறார்களோ, அமலராணிக்கு அந்தக் கவலையே கிடையாது. இருபது நிமிடத்தில் அதைப் பற்றி நூற்றைம்பது வார்த்தை இங்கிலீஷில் எழுதினால் போதும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மன்னார்புரம் கோச்சிங் சென்டரில் வந்து உட்கார்ந்தவள் முன்னால் ஒரு வரைபடம் கிடந்தது. நீலக் கோடு ஒரு நாடு, சிவப்புக் கோடு இன்னொரு நாடு. இருபது வருஷமாக இரண்டும் எவ்வளவு மரக்கூழ் இறக்குமதி செய்தன என்று ஒப்பிட வேண்டும்.

எழுதினாள். சும்மா சொல்லக்கூடாது, ஒரு வருஷத்தையும் விடவில்லை. முதல் வருஷம் இது இவ்வளவு, அது அவ்வளவு. மறு வருஷம் இது இவ்வளவு, அது அவ்வளவு. பதினாறு வருஷமாக நாலு மணி நேரத்துக்கொரு தரம் காய்ச்சல் பார்த்துக் குறித்த நர்ஸின் கை அது. கடைசியில் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் மணியும் குறித்தாள். ஐம்பது நிமிடம் ஓடிப்போயிருந்தது.

"பெருமாளே!" என்றான் வாத்தியார் ரங்கநாதன். ஸ்ரீரங்கத்துப் பையன், அவளைவிடப் பத்து வயது இளையவன். "நம்பரெல்லாம் கரெக்ட் மேடம். ஆனா ரெண்டு தேசத்துக்கும் என்ன ஆச்சுன்னு ஒரு எடத்துலயும் சொல்லலையே? அப்புறம் இந்தக் கையெழுத்து, டைம்... எக்ஸாம்ல இதெல்லாம் கூடவே கூடாது."

"ஒண்ண விட்டா தப்பில்லையா சார்? எங்க ஆஸ்பத்திரில ஒரு வேளை குறிக்கலைன்னாலே மேட்ரன் உயிர எடுத்துருவாங்க."

வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குக் கேட்கிற இங்கிலீஷ் பரீட்சையில், இந்தக் கேள்வியிலேதான் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். அயர்லாந்து ஆஸ்பத்திரி அவளுக்கான இடத்தை அடுத்த மாதம் வரைதான் வைத்திருக்கும். சனிக்கிழமைப் பரீட்சையும் போனால் அது வேறொருத்திக்கு. கணவன் ரெஜிஸ் அதற்குள் தடித்த ஸ்வெட்டர் ஒன்று வாங்கி, திருச்சி வெயிலில் போட்டுப் பார்த்து, வேர்த்து விறுவிறுத்துக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும், கூடவே சனிக்கிழமையும் ஞாபகம் வரும்.

மறுநாள் மதியம் இரண்டு மணி, டியூட்டி மாறும் நேரம். அடுத்த ஷிப்ட் நர்ஸ் அல்ஃபியா வந்து நின்றாள். அமலராணி பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"மூணாம் பெட் ஐயாவுக்குக் காய்ச்சல் ஏறிக்கிட்டே இருக்கு, கண்ண எடுக்காத. ஏழாம் பெட் அம்மாவுக்கு ஆரம்பத்துல அவரவிட மேல இருந்துச்சு. நேத்து எறங்குச்சு, இப்ப அப்படியே நிக்குது."

"போதும்க்கா. நம்பரெல்லாம் சார்ட்ல இருக்குல்ல, நான் பாத்துக்கறேன். நீங்க கெளம்புங்க."

அமலராணி கிளம்பவில்லை. நீலக் கோடு மூணாம் பெட். சிவப்புக் கோடு ஏழாம் பெட். அட, தினம் தினம் பையை மாட்டிக்கொண்டே சொல்கிற இரண்டு வரிதானே இது!

"அடி மக்கு!" என்று கத்தினாள்.

"யாருக்கா, நானா?"

"நான்தான்டி! அந்த நாட்டுக்குக் காய்ச்சல்டி அல்ஃபியா!"

அல்ஃபியா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமைப் பரீட்சையில் மரக்கூழ் வரவில்லை. இரண்டு ஊர்களில் பஸ் ஏறியவர்களின் கணக்கு வந்தது. வந்தால் என்ன, கோடுகள் இரண்டுதானே! எதிரே அல்ஃபியா நிற்பதாக நினைத்துக்கொண்டு பென்சிலை ஓட்டினாள். எது ஏறியது, எது இறங்கி நின்றது என்று முதலில் சொன்னாள். பிறகு வேண்டிய நாலு நம்பர், அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குக் கட்டுரையும் எழுதி முடித்து நிமிர்ந்தால் கடிகாரத்தில் இன்னும் நாலு நிமிடம் பாக்கி. மாதாவே! பரீட்சையில் அவளுக்கு நேரம் மிஞ்சியது இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் கண் கலங்க, எழுதியதைப் புரட்டிப் பார்த்தாள்.

முதல் பதிலின் அடியில், சுழித்து நெளித்து, அவள் கையெழுத்து. பக்கத்தில் மணி, பத்து இருபது.

மிஞ்சிய நாலு நிமிடமும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரப்பரைத் தேய்த்தாள். தாளை வாங்க மேற்பார்வைக்காரம்மா பக்கத்தில் வந்து கை நீட்டியபோது, அமலராணி குனிந்து ஒரே ஊதாக ஊதினாள். ரப்பர் துகளெல்லாம் அந்தம்மாவின் சேலையில் போய் ஒட்டிக்கொண்டன.