அஷ்வினிகே கொடி

பிரின்சிபால் மாதேவி மேடம் கொடியை எடுத்துத் தருண்குமார் என்கிற பையன் கையில் கொடுத்தார். அதைப் பார்த்ததும் காவேரிக்குக் காது மடல் இரண்டும் சுட்டன. அவளுக்குக் கோபம் முதலில் அங்கேதான் ஏறும், அப்புறம்தான் வாய்க்கு வரும். வாய்க்கு வந்துவிட்டால் யார் தடுத்தாலும் நிற்காது என்பது அவள் வேலை பார்க்கும் ஊதுபத்திக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இன்னும் யாருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு ராஜ்யோத்சவம், கர்நாடக மாநிலம் உருவான நாள். மைசூர் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. ஆட்டோ ஸ்டாண்டுகளில்கூட விடிந்ததிலிருந்து மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வரிசையில் நிற்க, பெற்றோர்கள் ஷாமியானா பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஊர்வலம் புறப்பட வேண்டியதுதான் பாக்கி. ஊர்வலத்துக்கு முன்னால் கொடி பிடித்துப் போக வேண்டியவள் காவேரியின் மகள் அஷ்வினி. அந்தப் பெண்ணோ கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, புது வெள்ளை ஷூவோடு, கொடிக்கும் வரிசைக்கும் நடுவில் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றாள்.

கொடி எப்படி அஷ்வினிக்கு உரியதாயிற்று என்பதற்கு மத்திய அமெரிக்கா வரை போக வேண்டும். அங்கே குவாத்தமாலா என்று ஒரு நாடு. அந்த நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றோடு இந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தோழமை ஏற்பாடு இருந்தது. அந்தப் பிள்ளைகள் வீடியோவில் வருவார்கள், இந்தப் பிள்ளைகள் வீடியோவில் போவார்கள். சமூக அறிவியல் நடத்தும் நிர்மலா மிஸ்தான் அதற்குப் பொறுப்பு. செப்டம்பரில் அங்கே சுதந்திர தினம். பிள்ளைகள் தீப்பந்தம் ஏந்தித் தெருத்தெருவாக ஓடியதையும், முரசடித்துக்கொண்டு ஊர்வலம் போனதையும் ஒன்பதாம் வகுப்பு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. நீலமும் வெள்ளையுமான கொடியை ஒரு பெண் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவளுடைய அப்பா பெரிய ஆளா என்று இங்கிருந்து ஒரு பிள்ளை கேட்டது. அப்பா லாரி ஓட்டுகிறார், ஆனால் நான்தான் வகுப்பில் முதல், முதலாக வருகிறவர்கள்தான் கொடி பிடிக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். இரண்டாவதாக வந்த பையனுடைய அப்பா பள்ளிக்கு வேண்டியவராக இருந்தால் என்று அஷ்வினி கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அவன் இரண்டாவதாக நடப்பான் என்று பதில் வந்தது.

பிரின்சிபாலுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. நம் பள்ளியிலும் இனிமேல் அப்படித்தான், ராஜ்யோத்சவத்தன்று முதல் மாணவர் கையில்தான் கொடி என்று அசெம்பிளியில் அறிவித்தார். அந்த வீடியோவை முகநூலில் வேறு போட்டார். அரைப் பரீட்சை முடிந்தது. ஒன்பதாம் வகுப்பில் அஷ்வினி முதல். கன்னடத்திலும் அவள்தான் முதல், வீட்டில் தமிழ் பேசுகிற பெண்.

பெற்றோர் கூட்டத்தன்று காவேரி ஆபீஸ் அறைக்கு வெளியே காத்திருந்தாள். உள்ளே நிர்மலா மிஸ் பிரின்சிபாலிடம் என்னவோ கேட்டார், அது சரியாகக் காதில் விழவில்லை. பிரின்சிபாலின் பதில் மட்டும் கதவைத் தாண்டி வந்தது. "அஷ்வினிகே கொடி."

கன்னடத்தில் அதற்கு 'அஷ்வினிக்குக் கொடுங்கள்' என்று அர்த்தம். தமிழில் கேட்டால் கொடியே அஷ்வினிக்குத்தான். காவேரி கோபிநத்தத்தில் பிறந்தவள். காவிரிக் கரையில் காட்டை ஒட்டிய ஊர், மாநிலம் கர்நாடகம், வீட்டில் பேசுவது தமிழ். இரண்டு மொழியும் அவளுக்கு ஒரே வாயில் ஊறியவை. அந்தச் சொல்லை எந்த மொழியில் கேட்டோம் என்று அவள் பிரித்துப் பார்க்கவே இல்லை. பிரித்துப் பார்க்க அதில் என்ன இருக்கிறது? வெளியே வந்த நிர்மலா மிஸ்ஸும் சிரித்துக்கொண்டே, "வெள்ளை ஷூ வேணும், மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வருவதற்குள் காவேரி அந்தச் செய்தியை லைன் வீடு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். சென்ட்ரிங் வேலையிலிருந்து களைத்து வந்த அவள் புருஷன் உதயகுமார்கூட, கையைக் கழுவாமலே மகள் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். அஷ்வினி மாப்புக் கட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நடந்து பழகினாள். கட்டை சாயக் கூடாது, முதுகு வளையக் கூடாது, கண் நேரே பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு நஞ்சம்மா கிண்டல் செய்தாள். அஷ்வினி சிரிக்கவில்லை, ஊர்வலத்தில் கொடி பிடிக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களாம்.

அப்படிப் பழகிய பெண்ணைத்தான் இப்போது மைதானத்தின் நடுவில் அம்போ என்று நிறுத்தியிருந்தார்கள்.

காவேரி பந்தலை விட்டு எழுந்து நேராகப் போனாள். குரலை அடக்கிக்கொண்டுதான் ஆரம்பித்தாள்.

"மேடம், கொடி எம் பொண்ணுக்குன்னு சொல்லியிருந்தீங்களே?"

மாதேவி மேடத்துக்குத் தமிழ் வரும், கன்னடம் கலந்த மைசூர்த் தமிழ். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "நோடம்மா, இது ராஜ்யோத்சவ அல்லவா? கன்னடத் தாயோட விழா. நம்ம மக்களே கொடி பிடிச்சா நல்லா இருக்கும்னு கமிட்டில ஃபீல் பண்றாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

நம்ம மக்கள். அந்த வார்த்தை காவேரிக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. இந்த மாநிலத்தில் பிறந்து, இந்த மாநிலத்திலேயே ஓட்டுப் போட்டு, இந்த ஊர் ஊதுபத்தி மணத்தைத் தோலோடு சுமந்துகொண்டு பஸ் ஏறுகிறவள் எந்த மக்களாம்? கன்னடப் பரீட்சையில் அவள் மகளை முந்த முடியாத பிள்ளைகள் எல்லாம் நம்ம மக்களாம். தருண்குமாரின் அப்பா கிருஷ்ணராஜ்தான் பள்ளிக் கமிட்டியில் பெரிய தலை. பந்தல், மைக் செட், பேண்டு எல்லாம் அவர் உபயம். அவர் முன் வரிசையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு போனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க ஊரு எங்கிருக்குதுன்னு தெரியுங்களா மேடம்?" காவேரியின் குரல் இப்போது பந்தல் வரை போனது. "ஹனூர் தாலூக்குங்க. அது எந்த ஸ்டேட்டுல இருக்குதுன்னு உங்க நிர்மலா மிஸ்ஸையே கேளுங்க, அவங்கதான் அந்தப் பாடம் நடத்துறாங்க. முதலா வர்றவங்களுக்குக் கொடின்னு மைக்குல சொன்னது நீங்க. அஷ்வினிகே கொடின்னு ஆபீசுல சொன்னதும் நீங்க. எங்காதால கேட்டேனுங்க."

பெற்றோர்கள் திரும்பினார்கள். கிருஷ்ணராஜும் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். மாதேவி மேடத்துக்கு அதற்குமேல் ரகசியம் பேச முடியவில்லை. அவர் ஒரு கணம் யோசித்தார், பிறகு சத்தமாகச் சிரித்தார். எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றே சிரித்த சிரிப்பு அது.

"ஓஹோ, அதா விஷயம்! அய்யோ, நான் சொன்னது கன்னடம்மா. கொடி அந்த்ரே கொடுங்கன்னு அர்த்தம். நீங்க தமிழ்க் கொடியைப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டீங்க!"

பந்தலே சிரித்தது. கிருஷ்ணராஜ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். விஷயம் புரியாத பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். பாவம், மொழி தெரியாத பொம்பளை, பேராசையில் தப்பாகக் கேட்டுவிட்டாள் என்று ஆகிவிட்டது கதை. எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டார்! காவேரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கொடியைப் பிடுங்கியதைக்கூட ஒருவேளை ஜீரணித்திருப்பாள். மகள் முன்னால் தன்னை முட்டாளாக்கியதை எப்படி ஜீரணிப்பது?

"சிரிச்சு முடிச்சிட்டீங்களா?" என்றாள். "பால் கொடி, சில்லறை கொடின்னு தினமும் கேட்டுத்தான் வாங்குறேனுங்க. எனக்குக் கன்னடம் யாரும் சொல்லித் தர வேண்டாம். சரி, கன்னடமாவே இருக்கட்டும். கொடின்னா குடுங்க. எதைக் குடுக்கச் சொன்னீங்க?"

சிரிப்பு அங்கங்கே நின்றது. நல்ல கேள்விதான். எதையாவது கொடுக்கச் சொல்லித்தானே ஆக வேண்டும்? மாதேவி மேடத்தின் கண் மைதானத்தைச் சுற்றி அலைந்தது. ஓரத்தில் ஒரு மேஜை, அதன் மேல் ஊர்வலம் முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த பெரிய அட்டைப் பெட்டி. கண் அங்கே போய் நின்றது.

"லட்டு!" என்றார். "லட்டு டப்பாவை அஷ்வினிகே கொடின்னேன். எல்லாருக்கும் ஸ்வீட் பங்கு போடற பொறுப்பு. நல்ல பொண்ணுன்னுதானே கொடுத்தேன்? வேணும்னா நிர்மலா மிஸ்ஸைக் கேளுங்க. ஆபீசுல என்கூட இருந்தது அவங்கதான்."

எல்லோரும் நிர்மலா மிஸ்ஸைப் பார்த்தார்கள். அஷ்வினியும் பார்த்தாள். அவளுக்கு இந்தப் பள்ளியிலேயே உயிர் என்றால் அது நிர்மலா மிஸ்தான். அவரைப் போலவே புடவைக்கு ஊக்குக் குத்திப் பார்ப்பாள், அவரைப் போலவே 'ர'வைச் சுழிப்பாள். உலக வரைபடத்தில் குவாத்தமாலா இருக்கும் இடத்தை அவளுக்குக் காட்டியதும் மிஸ்தான். வெள்ளை ஷூ வாங்கச் சொன்ன வாய்தானே, உண்மையைச் சொல்லிவிடும் என்று காவேரியும் நம்பினாள்.

நிர்மலா மிஸ் கையில் இருந்த விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் நிரந்தர டீச்சர் கிடையாது. அடுத்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்று சொல்வது மாதேவி மேடம்தான். அது காவேரிக்கும் தெரியும். தெரிந்தால் என்ன? அவளுக்கும்தான் கம்பெனியில் வேலை நிரந்தரம் இல்லை, அதற்காக வாய்ப்பூட்டுப் போட்டுக்கொண்டா இருக்கிறாள்?

"லட்டுதான் மேடம்" என்றார் நிர்மலா மிஸ், தலையை நிமிர்த்தாமல்.

அவ்வளவுதான். மாதேவி மேடம் கைகளை விரித்துக் காட்டினார். பேண்டுக்காரர்கள் முரசைத் தோளில் மாட்டினார்கள். தொண்டை வரை வந்த ஏச்சுகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ள, காவேரி எதை முதலில் எடுத்து வீசுவது என்று தெரியாமல் திணறினாள். அந்தத் திணறலில் மகள் நகர்ந்ததை அவள் கவனிக்கவில்லை.

அஷ்வினி வரிசையைக் கடந்து, தருண்குமாரைக் கடந்து, மேஜைக்குப் போனாள். பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள். அவள் முகவாய் வரை இருந்தது அது. தூக்கிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள், முதுகு வளையாமல்.

"ஏய், எல்லிகே?" என்று கத்தினார் மாதேவி மேடம்.

"மனேகே, மேடம்." வீட்டுக்காம்.

"அது எல்லாப் பிள்ளைகளுக்கும்! கீழே வை!"

அஷ்வினி நின்றாள், திரும்பினாள். கன்னடத்தில்தான் பேசினாள், எல்லா எழுத்தும் அதனதன் இடத்தில் விழுகிற, பரீட்சையில் முதலாக வந்த அந்தக் கன்னடத்தில். "அஷ்வினிகே கொடி என்று நீங்கள்தானே சொன்னீர்கள், மேடம்? மிஸ்ஸும் சாட்சி சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுத்ததை நான் கொண்டுபோகிறேன்."

ஒன்பதாம் வகுப்பு வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் வரிசை முழுவதும் சிரித்தது. இந்தத் தடவை விஷயம் புரிந்தே சிரித்தார்கள். கிருஷ்ணராஜ் சிரிக்கவில்லை. மாதேவி மேடம் வாட்ச்மேனைப் பார்த்தார், பெற்றோர்களைப் பார்த்தார். இத்தனை பேர் நடுவில் ஒரு பிள்ளையிடமிருந்து லட்டைப் பிடுங்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. காவேரி ஓடிப்போய் மகளோடு சேர்ந்துகொண்டாள்.

"அம்மிணி, குடு, நான் தூக்குறேன்."

"வேண்டாம்மா. எனக்குக் குடுத்தது."

அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அழுதிருந்தால்கூடக் காவேரிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கேட்டைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நிர்மலா மிஸ் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "அஷ்வினி, நில்லும்மா. காவேரிம்மா, என் நிலைமை உங்களுக்குத் தெரியாதது இல்ல. நான் என்ன பண்ண முடியும்? அவங்க முன்னாடி எப்படி நான்..."

காவேரி திரும்பினாள். இப்போது அவளிடம் வார்த்தைகள் தயாராக இருந்தன. சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்பதில் தொடங்கி, நாளைக்கு எந்த முகத்தோடு கரும்பலகை முன்னால் நிற்பீர்கள் என்பது வரை வரிசையாக வைத்திருந்தாள். ஆனால் அஷ்வினி அதற்குள் பெட்டியை நடைபாதையில் இறக்கி மூடியைத் திறந்தாள். உள்ளிருந்து ஒரு லட்டை எடுத்து, மிஸ்ஸின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்தாள்.

"சாப்பிடுங்க, மிஸ். நீங்க சொன்னதுதானே."

பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு அவள் நடந்தாள். சொல்ல வைத்திருந்ததில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் காவேரி பின்னால் போனாள். தெரு முனையில் திரும்பும்போது ஒரு தடவை பார்த்தாள். உள்ளே முரசு முழங்க ஆரம்பித்திருந்தது, யாரோ மிஸ் மிஸ் என்று கூப்பிட்டார்கள். நிர்மலா மிஸ் லட்டைத் தின்னவும் முடியாமல் கீழே போடவும் முடியாமல், கையை நீட்டியபடியே கேட்டருகில் நின்றுகொண்டிருந்தார்.