நாலு எலுமிச்சம்பழமும் முதல் கியரும்

1

இந்தக் கதை என் மூளையில் பிறக்கவில்லை. தொலைபேசியில் பிறந்தது. வாரப் பத்திரிகையின் ஆசிரியர் திங்கட்கிழமை காலையிலேயே எடுத்து, "உங்கட கதை வாற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு கார் விளம்பரம் வருது. கதையிலயும் ஒரு கார் ஓடினால் நல்லம். ஸ்போர்ட்ஸ் கார். வேகம் வேணும், என்ன?" என்றார்.

பதினேழு வருடமாகத் தொடர்கதை எழுதுகிறேன். கொலை கேட்டால் கொலை, பேய் கேட்டால் பேய், எல்லாம் வியாழக்கிழமைக்குள் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஸ்போர்ட்ஸ் காருக்குள் உட்கார்ந்ததில்லை. நான் அலுவிகாரையில் இருந்து மாத்தளை டவுனுக்குப் போவது பஸ்ஸில், அதுவும் மிதிபலகையில்.

ஆகவே செவ்வாய்க்கிழமை பலீல் ஹாஜியாரின் கார் சேலுக்கு, அதாவது கார் விற்கும் கடைக்குப் போனேன். கண்டி வீதியில், முன்பு டயர்க் கடை இருந்த கட்டடம். இப்போது முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வாசலில் ஒரு துணிப் பதாகை: "வாங்க, ஓடிப் பாருங்க, வாங்காட்டியும் பரவாயில்ல." உள்ளே நாலைந்து வேன்களுக்கு நடுவில் ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டு கதவு. ஜப்பானில் யாரோ ஓடி அலுத்தது.

விற்பனையாளர் ஜவாஹிர் ஓடி வந்தார். "சேர் இப்ப என்ன வாகனம் பாவிக்கிறீங்க?"

"பஸ்."

"லைசென்ஸ் ஈக்கா சேர்?"

"இல்லை."

மிகவும் மரியாதையாக எனக்குப் பால் விடாத ஒரு பிளேன்டீ தந்தார். பிளேன்டீ மட்டும்.

(ஆக, இந்தக் கதையின் மூலம் எரிச்சல். எனக்குக் கிடைக்காத ஓட்டத்தை வேறு யாருக்காவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்ற எரிச்சல்.)

2

முதல் தொடக்கம்:

சிவப்பு மின்னலென அந்தக் கார் மாத்தளை வீதியில் சீறிப் பாய்ந்தபோது மணி

இல்லை. மாத்தளை வீதியில் எந்த மணிக்கும் எதுவும் சீறிப் பாயாது. முன்னால் ஒரு த்ரீவீலர் இருக்கும். அதற்கு முன்னால் மிளகு மூட்டை ஏற்றிய லொறி இருக்கும். அதற்கு முன்னால் யாரையோ ஏற்ற ஒரு பஸ் நின்றுகொண்டிருக்கும்.

இரண்டாம் தொடக்கம்:

சோதனைச் சாவடியில் சிப்பாய் கையை உயர்த்தினான். அவளுடைய நெஞ்சு

இதுவும் வேண்டாம். போர்நிறுத்தம் வந்து ஒரு வருடம் கடந்துவிட்டது. மண் மூட்டைகள் அப்படியே இருக்கின்றன. சிப்பாய் அவற்றில் சாய்ந்துகொண்டு கடலை தின்கிறான். தவிர, உயர்ந்த கைகளை நீங்களும் போதுமான அளவு பார்த்துவிட்டீர்கள், நானும் பார்த்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்:

மங்கையற்கரசிக்கு ஐம்பத்தாறு வயது.

இது நிற்கும். ஆசிரியர் எடுத்து, "ஐம்பத்தாறா? ஸ்போர்ட்ஸ் காரிலயா?" என்று கேட்பார். கேட்கட்டும்.*

* இன்னொரு தவறும் செய்துவிட்டேன். இத்தனை நீளமான பெயரை வைத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுத வேண்டியிருக்கிறது. "மங்கை" என்று சுருக்கிப் பார்த்தேன். கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், பன்னிரண்டு எழுதுவினைஞர்களுக்கு மேலே இருக்கும் ஒருவரை அப்படிக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

3

மங்கையற்கரசி மாத்தளைக் கச்சேரியில் பிரதம எழுதுவினைஞர். 1972இல், கலியாணத்துக்கு முந்திய வருடம், யாழ்ப்பாணத்தில் ஒரே தடவையில் பரீட்சை தேறி லைசென்ஸ் எடுத்தவர். முப்பத்தொரு வருடம் ஆகிறது. மாத்தளைக்கு வந்த புதிதில் ஒரு பிற்பகலைத் தவிர அவர் கார் ஓடியதில்லை.

காரணம் கணவர் ஜெயரட்ணம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர், அதுதான் எனக்குப் பிரச்சினை. (அவரைக் கெட்டவராக்க இரண்டு பக்கம் எழுதினேன். குடிக்க வைத்தேன். மறுநாள் வாசித்தால் அது வேறு யாரோ. ஜெயரட்ணம் காலையில் எழுந்து மனைவிக்குக் கோப்பி போடுகிற ஆள். இப்படியான ஒருவரை வைத்துக்கொண்டு ஒரு தொடர்கதைக்காரன் என்னதான் செய்வது?)

ஜெயரட்ணத்திடம் பழைய மொரிஸ் கார் ஒன்று இருக்கிறது. அந்தப் பிற்பகலில் மனைவியை ஓடவிட்டுப் பக்கத்துச் சீற்றில் உட்கார்ந்தார். வீதியைப் பார்க்கவில்லை. மங்கையற்கரசியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிளச்... மெல்ல... கிளச்... ஐயோ, கிளச்!" கார் உதறி நின்றது. மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. "கிளச் போயிடும். நீர் இறங்கும்," என்றார் ஜெயரட்ணம். மங்கையற்கரசி இறங்கினார்.

பிறகு காலம் கெட்டது, காரணமும் மாறியது. லைசென்ஸில் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அதை நீட்டிக்கொண்டு செக்பொயின்ற்றில் நிற்பதைவிடப் பஸ்ஸில் நிற்பது மேல் என்றார் ஜெயரட்ணம். அந்த வருடங்களில் அது பொய்க் காரணம் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. மங்கையற்கரசியாலும் முடியவில்லை. இருபது வருடம் அந்தக் காரணம் பெட்டிக்குள் லைசென்ஸோடு பத்திரமாக இருந்தது.

போர்நிறுத்தம் வந்தது. ஒரு காலை, இடியப்பத்துக்கும் சொதிக்கும் நடுவில்:

"இஞ்சாருங்கோ, இப்ப செக்பொயின்ற்றில ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை."

"அதுக்கு?"

"மொரிஸின்ர மற்றச் சாவியைத் தாங்கோ."

ஜெயரட்ணம் இடியப்பத்தில் சொதியை விட்டார். "கிளச் பாவமப்பா," என்றார்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு பழைய காரணமே திரும்பி வந்து நின்றது. அன்றைக்கு மங்கையற்கரசி பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது பலீல் ஹாஜியாரின் பதாகையைப் பார்த்தார். ஜெயரட்ணத்துக்குச் சொந்தமில்லாத ஒரு கிளச்! வாங்காட்டியும் பரவாயில்லையாம்.

வீட்டுக்கு வந்து சொன்னார்: "சனிக்கிழமை என்னோட வாங்கோ. அந்தக் காரை அலுவிகாரை வரைக்கும் ஓடிப் போய்த் திருப்பிக் கொண்டு வந்தனெண்டால் மற்றச் சாவி எனக்கு. இடையில இறங்கினால் இந்த லைசென்ஸை அடுப்பில போடுறன். பிறகு வாய் திறக்க மாட்டன்."

"சத்தியமாவோ?"

"சத்தியமா."

ஜெயரட்ணம் சம்மதித்தார். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததுதான் மங்கையற்கரசிக்குக் கோபம்.

4

இந்த இடத்தில் ஜவாஹிருக்கு ஒரு காதல் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். விளம்பரம் முக்கால் பக்கமாக வளர்ந்துவிட்டதாம், எனக்கு இடம் போதாது.

5

சனிக்கிழமை ஜவாஹிர் நேரே ஜெயரட்ணத்திடம் போனார். "வாங்க சேர், ஸ்டியரிங்கப் புடிச்சுப் பாருங்க. அசல் ரேஸ் வாகனம்."

"தம்பி, ஓடுறது நான்," என்றார் மங்கையற்கரசி.

ஜவாஹிர் சேரைப் பார்த்தார். சேர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். மங்கையற்கரசி லைசென்ஸை நீட்டினார்.

"மெடம், இது நா பொறக்கிறதுக்கும் முந்தி எடுத்தது."

"அப்ப அனுபவம் கூட எண்டு எழுதிக்கொள்ளுங்கோ."

கடையின் ஒழுங்கு இதுதான். டவுனுக்குள்ளே ஜவாஹிர் ஓடுவார். முத்துமாரியம்மன் கோயிலுக்கு முன்னால், வீதி அகலமாக இருக்கும் இடத்தில், காரை நிறுத்தி ஆள் மாற வேண்டும். அங்கிருந்து வாடிக்கையாளர் அலுவிகாரை வரை ஓடிப் போய்த் திரும்பி வரலாம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் பலீல் ஹாஜியார். அவர் பார்த்தது வீதியின் அகலத்தை மட்டும்.

காருக்குள் ஏறுவதே ஒரு அத்தியாயம். இரண்டு கதவுதான் என்பதால் முன்சீற்றை மடித்துத்தான் பின்னால் போக வேண்டும். பின்சீற்று என்று ஒன்று இருப்பதாக விளம்பரம் சொல்கிறது. ஜெயரட்ணம் முழங்கால்கள் தாடையில் முட்ட அதற்குள் மடிந்தார். முன்னால் இருப்பவர் இறங்கினால்தான் அவர் இறங்கலாம்.

(வேகம் எங்கே என்று ஆசிரியர் கேட்பார். இதோ, கார் புறப்பட்டுவிட்டது. மணிக்குப் பதினெட்டுக் கிலோமீற்றர். முன்னால் மிளகு லொறி.)

6

கோயிலுக்கு முன்னால் ஜவாஹிர் ஒழுங்குப்படி நிறுத்தினார். ஜவாஹிர் பக்கத்துச் சீற்றுக்கு மாற, மங்கையற்கரசி இறங்கி மறுபக்கம் வந்தார். வந்தவர், எவரும் செய்வதைச் செய்தார்: கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

எதிரே தேங்காய், பூ, எலுமிச்சம்பழம் விற்கும் சுந்தரம்மா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இலக்கத் தகடு இல்லாத புத்தம் புதுக் கார். பொட்டும் சேலையுமாக ஒரு அம்மா. கதவு திறந்திருக்கிறது. கும்பிடுகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

"சாமி! புதுக்காரு வந்திருக்கு, வாங்க!"

மங்கையற்கரசி சாரதிச் சீற்றில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, செருப்பைக் கழற்றி வைப்பதற்குள் குருக்கள் தட்டோடு வந்துவிட்டார். பொனெற்றில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கண்ணாடிக்கு மேலே மாலை. சுந்தரம்மா குனிந்து குனிந்து நாலு சில்லுக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்.

"மெடம்," ஜவாஹிர் மாலையைக் காட்டினார், "இது விக்கிற காரு மெடம்! சொல்லுங்களே அவங்ககிட்ட!"

"நீங்க சொல்லுங்கோ."

"நா எப்படிச் சொல்றது? சாமி கைல கற்பூரம் எரியுது!"

குருக்கள் ஜன்னலுக்குள் குனிந்தார். "யாரு பேருக்கு அர்ச்சனை?"

"ஜெயரட்ணம், பூரட்டாதி," என்றது பின்சீற்று. முப்பது வருடப் பழக்கம், தானாக வந்துவிட்டது.

"இல்லை சாமி," என்றார் மங்கையற்கரசி. "மங்கையற்கரசி. உத்தரம்."

7

தேங்காய் உடைந்தது. கூட்டம் சேர்ந்தது. இனி அவர் காரை எடுத்து, நாலு பழத்தையும் நசுக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டும். மொரிஸில் ஓடிய அந்தப் பிற்பகலுக்குப் பிறகு அவர் வைக்கப்போகும் முதல் கியர் இது.

வைத்தார். கார் ஒரு உதறு உதறி நின்றது. முன்சில்லு பழத்தைத் தொட்டது, நசுக்கவில்லை.

"கிளச்," என்றது பின்சீற்று.

மறுபடி எடுத்தார். மறுபடி நின்றது. பின்னால் தம்புள்ளை பஸ் ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தவை பஸ்ஸுக்கு ஹோர்ன் அடித்தன.

"மெடம், நா எடுக்கவா?"

"ஆள் மாறக்கூடாதுங்க!" சுந்தரம்மா ஜன்னலில் தட்டினார். "பேரு சொன்னவங்கதான் பழத்துல ஏத்தணும். தம்பி, நீ சும்மா இரு!"

ஜவாஹிர் கைத்தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் பலீல் ஹாஜியாரின் குரல் காருக்குள் எல்லோருக்கும் கேட்டது.

"பூசையா? ஏன்ட காருக்கு எவன்டா பூசை வெச்சது?"

"கோயில்தான் ஹாஜியார்."

"அல்லாவே! குங்குமம் வெச்ச காரை நா இனி யாருக்கு விக்கிற?" உடனே வியாபாரம் ஞாபகம் வந்தது. "டேய், பழம் வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"அப்ப பின்னால எடுத்துராத! நாப்பது வருஷமா தமிழாக்களுக்கு வாகனம் விக்கிறேன். பழத்துல இருந்து பின்னால போன வாகனத்த ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான். முன்னால போகச் சொல்லு அந்தம்மாவ!"

"நீர் இறங்கும்," என்றார் ஜெயரட்ணம். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான். அந்தக் குரலோடு சண்டை போடவும் முடியாது. "ஊர் பாக்குது. இறங்கும். நானும் இறங்கவேணும், கால் மரத்துப் போச்சு."

8

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஆசிரியருக்கான முடிவு: எலுமிச்சம்பழங்கள் சிதற, கார் அலுவிகாரையைத் தாண்டி, நாலந்தாவைத் தாண்டி, போர்நிறுத்தத்தோடு திறந்துவிட்ட ஏ-ஒன்பது வீதியில் வடக்கே யாழ்ப்பாணம் நோக்கிப் பறக்கிறது, பின்சீற்றில் ஜெயரட்ணம்

நாலந்தா வரை பின்சீற்றில் அவர் உயிரோடு இருக்கமாட்டார். வேண்டாம்.

இரண்டாவது: மங்கையற்கரசி இறங்குகிறார். வீட்டுக்குப் போய் லைசென்ஸை அடுப்பில் போடுகிறார். ஜெயரட்ணம் கோப்பி போட்டுக் கொடுக்கிறார். இதைத்தான் நான் முதலில் எழுதினேன். இதற்குத்தான் வாசகர் கடிதங்கள் நிறைய வரும். எழுதி முடித்து ஒரு மணி நேரம் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மூன்றாவது: பழங்கள் நசுங்குகின்றன, சாவி கிடைக்கிறது, ஹாஜியார் சிரிக்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். ஹாஜியார் இந்த மாதம் முழுக்கச் சிரிக்கமாட்டார். எனக்குத் தெரியும்.

எதுவும் சரிவராமல், இருபதாம் தடவையாகக் கோயிலடிக்குப் போனேன். (கதைக்குள் நான் வருவதில்லை என்று பதினேழு வருடமாக ஒரு கொள்கை. அதுவும் போயிற்று.) சுந்தரம்மாவின் பூக்கூடைக்குப் பக்கத்தில், நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன். இன்னும் சாத்தியிராத கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். சேலைக் கரைக்குக் கீழே வெறும் கால்கள். இடது கால் கிளச்சில் நடுங்கிக்கொண்டிருந்தது. "நடுங்கியது" என்று எழுதத் தாளில் பேனையை வைத்தேன்.

மங்கையற்கரசி திரும்பி என்னைப் பார்த்தார். கணவரை அல்ல, ஜவாஹிரை அல்ல, குருக்களை அல்ல.

"நீங்கள் ஆர்?"

"இந்தக் கதையை எழுதுறவன், அம்மா."

"என்னத்தைப் பாக்கிறியள்?"

நான் பேனையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவருக்குத் தெரியும்.

"பரீட்சையில எனக்கு ஒருக்காலும் நிக்கேல்லை," என்றார். "பரீட்சகர் வீதியைப் பாத்துக்கொண்டு இருந்தவர். இவர் என்ர காலைப் பாத்தார், நிண்டுது. இண்டைக்கு இந்தத் தம்பி பாக்குது, சாமி பாக்கிறார், ஊரே பாக்குது. நீங்கள் எழுதி வேற வச்சால் பத்திரிகை வாங்கிறவையும் பாப்பினம். எல்லாரும் பாத்தால் எப்பிடி ஐயா ஓடுறது? அங்கால திரும்புங்கோ!"

கச்சேரியில் பன்னிரண்டு பேர் அந்தக் குரலுக்கு எழுந்து நிற்பார்கள். நான் நோட்டுப் புத்தகத்தை மூடினேன். கோபுரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

கதவு சாத்தும் சத்தம். மோட்டர் எழும் சத்தம். பிறகு பின்சீற்றில் இருந்து ஜெயரட்ணத்தின் குரல், யாரையோ அதட்டுவதுபோல: "ஜவாஹிர் தம்பி, நீர் வீதியைப் பாரும்!"

அதற்குப் பிறகு பஸ்ஸின் ஹோர்ன் நின்றுவிட்டது. அவர் காரை எடுத்திருந்தாலும் அது நிற்கும், இறங்கியிருந்தாலும் நிற்கும். சுந்தரம்மாவிடம் கேட்டால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டும்.

ஆசிரியருக்கு இதை அப்படியே அனுப்புகிறேன். முடிவு இல்லை என்று கத்துவார். முடிவு உங்களிடம் இருக்கிறது. எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். ஹாஜியார் அந்தக் காரை யாருக்கு விற்றார் என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று. முடிக்கும்போது வீதியைப் பாருங்கள். அவருடைய கால்களைப் பார்க்க வேண்டாம்.