முப்பத்தெட்டு அடிக் கம்பி

வாளை மீனின் வயிற்றைக் கீறி உப்பை அடைத்துக்கொண்டிருந்தாலும் ஜோதிமேரியின் காது முதலாளியின் அறைப் பக்கமே இருந்தது. அங்கே புது ரேடியோ காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்தது. கொழும்பு ஸ்டேஷன் வந்தபாடில்லை.

அவள் புருஷன் வியாகுலம் கொழும்புத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய் நாலு வருஷம். இடையில் சட்டம் மாறிவிட்டது. ஊருக்கு, தொண்டிக்கு வந்தால் மறுபடி இலங்கைக்குள் விடமாட்டார்கள், வேலை போய்விடும். 'வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ரேடியோவில் உன் பேரைச் சொல்லிப் பாட்டுப் போடுவார்கள், கேள்' என்று எழுதியிருந்தான். இன்றுதான் வெள்ளிக்கிழமை.

ரேடியோ ரிப்பேர் பால்சாமி, கூரையிலிருந்து பனைமரம் வரை கட்டியிருந்த ஏரியல் கம்பியைப் பார்த்து அலுத்துக்கொண்டான். "நீளமாக் கட்டுனா நல்லா எடுக்கும்னு மொதலாளி நூறடியையும் இழுக்கச் சொல்லிட்டாரு. வேண்டாத ஸ்டேஷனெல்லாம் வந்து ஏறிக்கிருது. மரத்துகிட்ட ஒரு ஆள் நின்னு சுருக்கிக் குடுத்தாத்தான் ஆகும்."

"நான் நிக்கிறேண்ணே."

பனைமரத்தடியில் பெஞ்சு போட்டு ஏறிக் கம்பியைச் சுருக்கினாள். அறுபதடியில் இரண்டு குரல்கள் ஒன்றாகப் பேசின. முப்பதுக்கு வந்ததும் குரலே தேய்ந்துபோனது. சாண் சாணாகத் திரும்ப விட்டாள். உப்பில் ஊறிய உள்ளங்கையைக் கம்பி அறுத்தது. முப்பத்தெட்டில், கடலுக்கு அந்தப் பக்கத்துப் பெண் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது.

"அங்கனயே கட்டு தங்கச்சி!"

நாலு மணிக்குச் சற்று முன் முதலாளி வந்து நாற்காலியில் சாய்ந்தார். வெளியே லாரி ஹாரன் அடித்தது.

"ஏத்தா, சிப்பத்தை ஏத்துங்க."

"மொதலாளி, ஒரு பத்து நிமிசம். எம்பேரு வாசிப்பாக."

"ரேடியோ கேக்கவா ஒனக்குக் கூலி? நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கிறவா?"

சும்மாட்டை வைத்துக் கருவாட்டுச் சிப்பத்தைத் தூக்கினாள். அறையை நெருங்கும்போது பேர்கள் கேட்டன; லாரியை நெருங்கினால் காற்று மட்டும். மூன்றாவது நடையில், "தொண்டியிலிருக்கும்..." என்றது குரல். டிரைவர் லாரியைத் திருப்ப என்ஜினை முடுக்கினான். அது அடங்கியபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

தலைச்சுமையோடு ஜன்னலுக்கு ஓடினாள். "மொதலாளி, யாரு பேரு சொன்னாக?"

அவர் கண்ணை மூடி விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். "யாரு யாரையோ சொன்னாக. கவனிக்கல."

அவள் நகரவில்லை. முதலாளி மூக்கைச் சுளித்து எழுந்தார். "கருவாட்டு நெடி உள்ள அடிக்குது பாரு" என்று ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார்.