சாவி இல்லாதவர்களின் வரிசை

பல் கட்டும் பட்டறையில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு வெளிச்சம் வரும், கண்ணுங்களா. பிளாஸ்டர் தூள் காற்றில் மிதந்து, ஜன்னல் வெயிலில் யாரோ பால் கலந்துவிட்ட மாதிரி இருக்கும். அலமாரி நிறைய யார் யாருடைய வாயோ வரிசையாக உட்கார்ந்து சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் பல் கட்டுகிறவள் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறப்பாள்.

அவளுக்குக் கூலியில்லாத வேலை ஒன்று உண்டு. பேருந்து நிறுத்தத்தில் அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டுகிற பலகை இருக்கிறதல்லவா, அதை ஓட்டுகிற கணினி நிரல் அது. எல்லோருக்கும் பொது. யாரும் படிக்கலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். வந்த திருத்தத்தை உள்ளே சேர்க்கிற சாவி மட்டும் ஏழு பேரிடம். இரும்புச் சாவி இல்லை, நீளமான ஒரு ரகசியச் சொல், அவ்வளவுதான். சாவிக்காரர்களில் பாதிக்கு மேல், அதாவது நான்கு பேர், சரி என்றால்தான் எதுவும் நகரும்.

எதுவும் நகரவில்லை. அவளையும் சேர்த்து மூன்று பேர்தான் கண்ணில் பட்டார்கள். மற்றவர்கள் இருக்கிறார்களா, போய்விட்டார்களா, தெரியாது. சம்பளமா கொடுக்கிறோம், ஏன் வரவில்லை என்று கேட்க? எங்கோ ஓர் ஊரில் மாலை வண்டியின் நேரம் தப்பாகக் காட்டியது. அதற்கான திருத்தம் நாலாவது கை இல்லாமல் ஒரு மாதமாகக் கிடந்தது. ஆள் இல்லாத வீட்டுச் சாவி எவன் கையில் சிக்குமோ என்ற பயம் வேறு.

மூவரும் பேசி, ஒரு கருவி செய்யும் பொறுப்பை அவளிடம் விட்டார்கள். ஆறு மாதமாக நிரலில் கை வைக்காதவர்களை அது கண்டுபிடிக்கும், கடிதம் போடும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு, பட்டியலிலிருந்து பெயரையும் எடுத்துவிடும்.

முதல் ஓட்டத்திலேயே நான்கு பெயர்கள் சாம்பல் நிறமாயின. அதில் ஒன்று அவளுடைய அண்ணன் பெயர்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அந்த நிரலை ஆரம்பித்ததே அண்ணனும் தங்கையும்தான். பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவர் அனுப்பிய ஒரு திருத்தத்தின் கீழே, உலகமே படிக்கிற இடத்தில், "தெரியாத வேலையில ஏன் கை வைக்கற?" என்று எழுதிவிட்டாள். திருத்தம் தப்புதான். தப்பைச் சொல்ல ஒரு முறை இல்லையா? அவர் பதில் எழுதவில்லை. வேலை மாறி வேறு ஊருக்குப் போனார். போன் பேச்சும் நின்றது. அதற்கப்புறம் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற ஒரே இடம் அந்தப் பட்டியல்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அதையும் அவள் கையாலேயே அழிக்க வேண்டும்.

என்ன செய்தாள் தெரியுமா? இந்த ஒரு பெயரை மட்டும் பார்க்காதே என்று கருவிக்குள் ஒரு வரி எழுதிவிட்டாள். எல்லோரும் படிக்கிற நிரலில் அதை ஒளிப்பது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். மறுநாளே, சாவிக்காரர் மூவரில் ஒருவரான பேருந்து ஓட்டுநர் போன் செய்தார்.

"என்னம்மா, நம்ம கருவிக்குச் சொந்தக்காரங்க வேற இருக்காங்களா?"

"அது எங்க அண்ணன்."

"தெரியும். எனக்கும் ஒரு மச்சான் இருக்கான். அவனுக்கும் ஒரு வரி போட்டுக்கவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் குரலைத் தணித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். நிரலில் கை வைப்பதை மட்டும்தான் கருவி வேலை என்று எண்ணுகிறதாம். கேள்விக்குப் பதில் சொல்கிறவர்கள், குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லாம் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று கேட்டார்.

அந்த வரியை அழித்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், வெளியே மழை நூல் நூலாக இறங்கிக்கொண்டிருக்க, எல்லாப் பக்கத்தையும் பார்த்துவருகிற மாதிரி கருவியை மாற்றி எழுதினாள். புதிதாக வருகிறவர்கள் கேள்வி கேட்கிற பக்கமும் அதில் சேர்ந்தது. அந்தப் பக்கம் அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

ஓட்டினாள். மூன்று பெயர்கள் சாம்பலாகவே இருந்தன. நாலாவது பெயர் மெல்ல, ஈரத் தரை காய்வதுபோல, நிறம் மாறியது. கடைசியாகக் கண்டது: இன்று காலை.

பதினான்கு மாதமும் காலை தவறாமல் அண்ணன் அங்கே இருந்திருக்கிறார். யார் யாருக்கோ பதில். 'எனக்கும் முதல்ல இது புரியல.' 'தைரியமா கை வைங்க, உடைஞ்சா சேர்ந்து ஒட்டிக்கலாம்.' அவள் படித்துக்கொண்டே கீழே கீழே போனாள். ஒவ்வொரு மாடியாக விளக்கு எரிகிற ஒரு கட்டிடத்துக்குள் ஓசையில்லாமல் இறங்குவது போலிருந்தது. மழை நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

போன் செய்தாள்.

"சொல்லு பாப்பா," என்றார், நேற்றுதான் பேசியதுபோல. பின்னால் ஏதோ லிஃப்ட் முனகிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்தா அது பழுதாகிறது?

"நான் அன்னைக்கு எழுதினது தப்பு, அண்ணா."

"என் திருத்தம் தப்புதான? அப்ப நீ எழுதினதுல பாதி சரி."

அவள் பட்டியலைப் பற்றி, சாம்பல் பெயர்களைப் பற்றி, நாலாவது கையைப் பற்றி எல்லாம் சொன்னாள். இப்போது அவர் பெயர் தப்பித்துவிட்டது, திரும்பி வந்து கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டாள். அவர் முதலில் லிஃப்ட்டின் முனகலை நிறுத்திவிட்டு வந்தார்.

"அந்த நிரலைத் தொடணும்னாலே கை கூசுது, பாப்பா. சாவியை எடுத்துக்கோ. ஆளை எடுத்துடாதே."

அன்று மாலையே பட்டியலில் இரண்டாவதாக ஒரு வரிசை திறந்தாள்: சாவி இல்லாமல் நம்மோடு இருப்பவர்கள். முதல் பெயர் அண்ணனுடையது. மற்ற மூன்று பேருக்கும் கருவியை எழுதவிடாமல் தானே கடிதம் போட்டாள். இருந்தாலும் சரி, போனாலும் சரி, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று. ஒருவர் நன்றி சொல்லி விடைபெற்றார். மற்ற இருவரிடமிருந்து இரண்டு வாரமும் பதில் இல்லை; அவர்கள் சாவியையும் வாங்கியாயிற்று. மீதி இருந்தது மூன்று சாவி. இப்போது இரண்டு கை போதும். அந்த ஊர் மாலை வண்டிக்குச் சரியான நேரம் கிடைத்தது.

மறுநாள் காலை, முதல் முறையாகக் கேள்விப் பக்கத்துக்குப் போய், யாரோ ஒரு புதியவருக்கு அவள் பதில் எழுதினாள். எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். மதியம் பட்டறையில் திறந்து பார்த்தபோது அதன் கீழே அண்ணன் எழுதியிருந்தார்:

"பாப்பா சொன்னது சரிதான். ரெண்டாவது சொன்னதை மட்டும் முதல்ல செய்யுங்க."