பாஞ்சாலை கேட்டது

பேய்க்குச் செலவு செய்ய முதலாளிக்குக் கை கூசியதே இல்லை. ஜன்னலுக்குத்தான் கூசும். கருங்கோழி, பூசணி, கூடை நிறைய எலுமிச்சை, அமிர்தியிலிருந்து பூசாரியை ஏற்றிவர ஜீப்பு என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார். மேஸ்திரி தங்கவேலுக்குத்தான் பூசாரி வருவதில் இஷ்டமில்லை.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், ஜவ்வாது மலையில் புளி உலுக்கும் காலம் அது. முதலாளியின் தகரக் கொட்டகைக்குள் பதினாறு பெண்கள் காலை முதல் பொழுது சாயும்வரை புளியை அடித்து ஓடும் கொட்டையும் நீக்குவார்கள். ஜன்னல் கிடையாது, இருந்தது ஒரே கதவு. அதையும் வெளியே பூட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பது தங்கவேலின் வேலை. மலைக்காரப் பெண்கள் மடியில் புளியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்களாம்! அவர்கள் வீட்டுக்கு வீடு புளியமரம் நிற்கிறது. அதை யார் முதலாளிக்குச் சொல்வது?

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் பாஞ்சாலை உள்ளிருந்து கதவிடுக்கில் வாயை வைத்துக் கேட்டாள். "மேஸ்திரி, மூச்சு முட்டுதுங்க. ஒரு நிமிசம் தொறங்க."

"இன்னும் ஒரு மூட்டை ஆவட்டும்" என்றான் தங்கவேல். உள்ளே புளி அடிக்கிற சத்தத்தில் வேறு யார் காதிலும் அது விழவில்லை. மூட்டை ஆவதற்குள் அவள் உயிர் போய்விட்டது.

அவள் புருஷன் தீர்த்தகிரி ஓடிவந்து கேட்டபோது தங்கவேல், பாவி மனுஷன், வாய் கூசாமல் சொன்னான். "ஒரு வார்த்த சொல்லலியேப்பா. சொல்லியிருந்தா தொறக்க மாட்டனா?"

காரியம் முடிந்து பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அப்புறம்தான் ஆரம்பித்தது. உச்சிப்பொழுதானால் யாராவது ஒருத்தி கதவைப் பிறாண்டிக்கொண்டு விழுவாள். முதலில் செந்தாமரை, பிறகு மங்கம்மாள். வந்திருப்பது பாஞ்சாலைதான் என்றார்கள். வேலை படுத்துவிட்டது. தங்கவேலுக்கோ வேலையில்லாத நாளிலும், ஆளில்லாத கொட்டகையின் கதவிடுக்கில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான். அப்போதும் கேட்டது.

அவனுக்கு ஒரே பயம்தான். பூசாரி கேட்கிற கேள்வியில் பேய் அந்த மத்தியானத்தைச் சொல்லிவிட்டால்?

பேயோட்டுகிற அன்று ஊரே கூடியது. தீர்த்தகிரியும் ஓரமாக வந்து நின்றான். உடுக்கை அடிக்க அடிக்க மங்கம்மாள் தலையை விரித்துப் போட்டு ஆடினாள்.

"ஒனக்கு இன்னா வேணும்? கோழியா? சாராயமா? பொடவையா?" என்று கேட்டார் பூசாரி.

"காத்து!"

"இன்னாது?"

"காத்து வேணும்டா! நாலு பக்கமும் ஜன்னல் வை. மத்தியானம் எங்கள நெழல்ல ஒக்கார வுடு. இன்னொரு தரம் பூட்டுப் போட்டே, ஒன் வம்சத்தையே வுட மாட்டேன்!"

கோழி வேண்டாம் என்ற பேயை அந்தப் பூசாரி பார்த்ததே இல்லை. முதலாளி வேர்த்து விறுவிறுத்துப்போய், "வெச்சுடறேன் தாயே" என்று கும்பிட்டார். செந்தாமரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைத் தங்கவேல் பார்த்துவிட்டான். அட, இவ்வளவுதானா! பேயுமில்லை, பிசாசுமில்லை, எல்லாம் இவளுங்க சேர்ந்து கட்டின வேஷம். அந்த மத்தியானம் நடந்தது இவர்களில் ஒருத்திக்கும் தெரியாது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உசுரு எப்பிடிப் போச்சு? அதையும் சொல்லிட்டுப் போ" என்றார் பூசாரி.

மங்கம்மாள் திருதிருவென்று விழித்தாள். கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது. அப்போது தங்கவேலுக்கு அந்த மூச்சு கேட்டது. இந்தத் தடவை அது கதவிடுக்கிலிருந்து வரவில்லை. அவன் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. வாயை இறுக்கி மூடப் பார்த்தான். முடியவில்லை.

"மேஸ்திரி, மூச்சு முட்டுதுங்க. ஒரு நிமிசம் தொறங்க."

அது யார் குரல் என்று கூட்டத்தில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. மங்கம்மாள் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"இன்னும் ஒரு மூட்டை ஆவட்டும்."

இது தங்கவேலின் குரல்தான்.

தீர்த்தகிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அடிப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"அப்போ, அவ கேட்டாளா?"

தங்கவேல் தலையாட்டினான்.

"நீங்க சொன்னத நம்பி நான் தெனமும் அவளத்தாங்க திட்டிக்கினு இருந்தேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாடின்னு" என்றவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "கேட்டிருக்கியே, பாஞ்சால! நீ கேட்டிருக்கியே!"