முன்னுரைக்குப் போன நியாயம்

1

இந்தக் கதையை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். அக்காவிடம் போனில் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்துதான் இது பிறந்தது.

‘கடல் சீறியது’ என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். சீறவெல்லாம் இல்லை, வருஷத்துக்கு நாலடி என்று நிதானமாக வந்து அக்காவின் சமையலறையை எடுத்துக்கொண்டது.

2

பருவநிலைப் பேச்சுவார்த்தையில் வரைவைத் தட்டச்சு செய்து திரையில் காட்டுவது என் வேலை. ஏதாவது ஒரு நாடு ஒப்புக்கொள்ளாத வார்த்தை அடைப்புக்குறிக்குள் போகும். அடைப்பெல்லாம் தீர்ந்தால்தான் ஒப்பந்தம்.

நாலாம் பிரிவு இப்படி இருந்தது: கடலில் வீடிழந்தவர்களுக்கு மாற்றிடம் தருவது [நியாயப்படி] எல்லா நாடுகளின் [கடமை].

பணக்கார நாட்டுப் பிரதிநிதி (வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை, எனக்கு இருமல் மாத்திரை கொடுத்தவர்) சிரித்தார். “நியாயத்தை யாருங்க வேண்டாம்னா? முன்னுரையில* வெச்சிடுவோம். அங்கதான் அதுக்கு மரியாதை.”

தீவு நாட்டுப் பிரதிநிதியம்மா எழுந்தார். “அங்க வெச்சா யாருக்கு என்ன பிரயோஜனம்? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

“தெரியும்மா. ஆனா மூணு மணிக்கு மண்டபத்தைக் காலி பண்ணணுமே.”

பின்வரிசையில் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா எல்லோர் முகத்தையும் பார்த்தார். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டார்.

நியாயத்தை வெட்டி முன்னுரையில் ஒட்டியது என் விரல்தான். நாலாம் பிரிவு ‘விரும்பும் நாடுகள் மாற்றிடம் தரலாம்’ என்று ஆனது. கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் நானும் தட்டினேன்.

* ஒப்பந்தத்தில் நல்ல வார்த்தைகளைக் குடிவைக்கும் இடம். அங்கே இருப்பது எதற்கும் யாரும் பொறுப்பில்லை.

3

அக்கா கூப்பிட்டாள். “நியாயம்னு போட்டிருக்குன்னியே, அது இன்னும் இருக்காடா?”

“இருக்குக்கா.”

அது பொய்யில்லை, ஏனென்றால்

(இந்த வாக்கியத்தை நாலு முறை எழுதிப் பார்த்தேன். முடியவில்லை.)

“அப்பாடா. இடம் கிடைச்சிடும். மேட்டுத்தெருவுல ஒத்தை ரூம் ஒண்ணு பாத்து வெச்சிருந்தேன். வீட்டுக்காரர் இன்னிக்குப் பதில் கேட்டிருக்கார். வேண்டாம்னு சொல்லிடறேன்.”

“சரிக்கா” என்றேன்.

4

முதல் முடிவு: உடனே திரும்ப அழைத்து உண்மையைச் சொல்கிறேன். (நல்ல முடிவு. நடக்கவில்லை.)

இரண்டாவது: பத்து வருஷத்தில் நியாயம் முன்னுரையிலிருந்து இறங்கி... எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவதை யோசிக்கும்போது அக்காவின் குறுஞ்செய்தி: ‘வீட்டுக்காரர் வந்துட்டார். கடைசியா கேக்கறேன். இருக்குல்ல?’

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். பதில் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்களே அனுப்பிவிடுங்கள். நான் இன்னும் தலைப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.